சொல்லக் கூசிய செய்தி

முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதி வருகிறேன். போரையும் சமாதானப் பேச்சுகளையும், ஆட்சிக்கு வந்தவர்களையும் போனவர்களையும் பற்றி எழுதியாயிற்று. எழுதாமல் விட்ட விடயங்களுள் ஒன்று என் வயிறு. அரசியலையும் பழைய நண்பர்களையும் பற்றி வாசிக்க இந்தப் பக்கத்துக்கு வரும் அன்பர்கள் இன்று பொறுத்தருள வேண்டும். குடலைப் பற்றி எழுதப் போகிறேன். அதனால் மலத்தைப் பற்றியும் எழுத நேரும். முகம் சுளிப்பவர்கள் அடுத்த பதிவுக்குக் காத்திருக்கலாம். ஐம்பதைக் கடந்தவர்கள் மட்டும் இருந்து வாசித்துவிட்டுப் போனால் மகிழ்வேன்.

சென்ற ஆண்டின் ஐப்பசி மழை நாளொன்று. இரவுப் பணி முடிந்து கிருலப்பனையிலுள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அதிகாலை இரண்டு மணி இருக்கும். ஐந்து மணிக்கு வயிறு அழைத்தது. எழுந்து போனேன். போனது இரத்தம். கருஞ்சிவப்பாக, கட்டிகட்டியாக, கோப்பை நிறைய இரத்தம். வலி எதுவும் இல்லை. வலித்திருந்தால் ஒருவேளை அப்போதே மனைவியை எழுப்பியிருப்பேன். தண்ணீரை ஊற்றிவிட்டு, ஒருமுறைக்கு இருமுறை தரையைக் கழுவிவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சிறிதளவே போயிற்று. நின்றுவிட்டது என்று நினைத்து வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் காலை மீண்டும் நிறையப் போனது. எழுந்து சாரத்தைச் சரிசெய்தபோது கண் இருண்டு கதவோடு மோதி விழுந்தேன். சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். "இஞ்சேருங்கோ, என்ன செய்யுது?" என்றவள் தரையைப் பார்த்ததும் வாயடைத்துப் போனாள். முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குப் போகும் வழியில்தான் மூன்று நாட் கதையையும் அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் கையைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் எனக்கும் அப்போது ஒரே நினைவுதான்.

அது என் தந்தையாரின் நினைவு. வடமராட்சியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதில் அவருக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. மூலச் சூடு என்று சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் மோரும் கற்றாழையுமாகக் காலத்தைக் கடத்தினார். யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை 2002இல் திறக்கப்பட்ட பின்னர், அடுத்த ஆண்டு, அவரைக் கொழும்புக்கு அழைத்து வந்தபோது உடல் பாதியாகியிருந்தது. பெருங்குடலில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். கிருலப்பனைச் சந்தியில் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் நேரே மகரகமவில் இறங்கலாம். ஐந்து மாதங்கள் அந்த பஸ்ஸில் சாப்பாட்டுப் பெட்டியோடு போய் வந்தேன். கடைசி நாட்களில் ஒருநாள் கேட்டேன், ஏன் ஐயா முதலிலேயே சொல்லவில்லை என்று. "பிள்ளையளிட்டைச் சொல்லுற விசயமே அது?" என்றார்.

அதே கூச்சந்தான் இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் எனக்கும் வாய்த்திருந்தது. அமைச்சர்களிடம் எந்தக் கேள்வியையும் கேட்கக் கூசாதவன், கட்டிய மனைவியிடம் ஒரு வசனத்தைச் சொல்ல முடியாமல் மூன்று நாட்களாகத் தரை கழுவிக்கொண்டிருந்தேன்.

வைத்தியசாலையில் என்னைப் பார்த்த இளம் பெண் மருத்துவர் என் மகளின் வயதுடையவர். இரத்த அழுத்தம் பார்த்து, இரத்தம் எடுத்து, சேலைன் ஏற்றிக்கொண்டே கேட்டார்:

"எத்தனை நாளா இப்பிடி, அங்கிள்?"

"மூண்டு நாள்."

"ஏதும் நோ மாத்திரை எடுக்கிறனீங்களோ?"

கழுத்துவலிக்காகப் பல மாதங்களாக டைக்ளோபெனக் போட்டுக்கொண்டிருந்தேன். மருத்துவர் எழுதித் தந்ததன்று. மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கியது. சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

"வீட்டில ஆருக்கும் குடல் வருத்தம் இருந்ததோ?"

"அப்பாவுக்கு" என்றேன். மேலே வார்த்தை வரவில்லை. மனைவிதான் மீதியைச் சொன்னாள்.

இரத்தம் ஏற்ற ஆயத்தமாக வைத்திருந்தார்கள். தேவைப்படவில்லை. கசிவு தானாகவே நின்றது. அடுத்த நாள், குடலைக் கழுவும் பொடியை நீரில் கரைத்து லீற்றர் கணக்கில் குடிக்க வைத்து, மயக்கம் தந்து, கொலனொஸ்கொப்பி செய்தார்கள். நுனியில் கமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் பரிசோதனை இது. எழுதும்போது இருக்கும் பயங்கரம் அனுபவத்தில் இல்லை. முதல்நாள் அந்தத் திரவத்தைக் குடித்து முடிப்பதுதான் பெரும்பாடு. பரிசோதனை நடந்ததே எனக்குத் தெரியாது.

மாலையில் நிபுணர் வந்தார். கட்டில் அருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கான்சர் இல்லை" என்றார் முதலில். நல்ல மனிதர், முக்கிய செய்தியை முதல் வரியில் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு அச்சிட்ட படங்களைக் காட்டினார். இளஞ்சிவப்பான குடற்சுவரில் ஆங்காங்கே சிறு குழிகள், மழைக்குப் பின் மண்ணில் நண்டு தோண்டிய வளைகள் போல. "இதுக்குப் பேர் டைவேர்டிக்கியுலோசிஸ். இதில ஒண்டுதான் இரத்தம் விட்டிருக்கு."

அந்தச் சொல்லை நான் முன்பே சந்தித்திருந்தேன்.

2006 ஆகஸ்ட் முதலாம் திகதி. மாவிலாற்றில் மோதல் தொடங்கியிருந்த நாட்கள். பக்கங்கள் அந்தச் செய்திகளால் நிறைந்திருந்தன. கியூபாவில் பிடல் காஸ்ட்ரோ குடலில் இரத்தப்பெருக்கு ஏற்பட்டுச் சத்திரசிகிச்சைக்கு உள்ளாகித் தம் பொறுப்புகளைத் தம்பி ராவுலிடம் தற்காலிகமாக ஒப்படைத்திருந்தார். தம் உடல்நிலை அரச இரகசியம் என்று அறிவித்தும்விட்டார். என்ன நோய் என்று உலகம் மாதக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருந்தது. 2007 ஜனவரியில் ஸ்பெயினின் எல் பாயிஸ் பத்திரிகை அது டைவேர்டிக்கியுலைட்டிஸ், அதாவது அந்தப் பைகளில் ஏற்பட்ட அழற்சி என்றும், சத்திரசிகிச்சைகள் சிக்கலாகிவிட்டன என்றும் செய்தி வெளியிட்டது. ஆங்கிலத்தில் வந்த அந்தச் செய்தியை மொழிபெயர்த்தவன் நான். சொல் நீளமாக இருந்தது. நேரம் குறைவாக இருந்தது. "குடல் நோய்" என்று எழுதி முடித்துவிட்டேன். அன்று அகராதியைத் திறக்க மறுத்த சொல் பதினெட்டு ஆண்டுகள் கழித்து என் கட்டிலருகே வந்து நின்றது.

அதற்கு எதிர்மாறான ஒரு நிகழ்வும் உண்டு. 2021 ஜூலை 4ஆம் திகதி ஞாயிறன்று பாப்பரசர் பிரான்சிஸுக்கு உரோமின் ஜெமெல்லி வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடைபெற்றது. பெருங்குடலின் பக்கப்பைகளால் குடல் ஒடுங்கிப்போனதே காரணம் என்று வத்திக்கான் நோயின் பெயரைச் சொல்லியே அறிவித்தது. குடலில் 33 சென்ரிமீற்றர் அகற்றப்பட்டதாகப் பின்னர் அவரே பேட்டியொன்றில் கூறினார். 2023 ஜனவரியில் ஏ.பி. செய்தி நிறுவனத்துக்கு அளித்த பேட்டியில், குடற்பைகள் மீண்டும் வந்துவிட்டன என்பதையும் மறைக்காமல் சொன்னார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அவர் பிரகடனம் செய்ததைச் செய்தியாளர் கூட்டத்தில் நின்று பார்த்தவன் நான். அன்று மாலையே மடுவுக்கும் போய் வந்த மனிதர். 2025 ஏப்ரல் 21இல் அவர் காலமானார் என்ற செய்தியைப் பக்கத்தில் வைத்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த 33 சென்ரிமீற்றர்தான். எண்பத்து நான்கு வயதுத் திருத்தந்தை சொல்லக் கூசாததை நான் ஏன் கூச வேண்டும்?

இனி, நோயைப் பற்றி. அறிந்துகொண்டதை எளிய தமிழில் சொல்ல முயல்கிறேன்.

பெருங்குடலின் சுவரில் தசைப்படலம் ஒன்று உண்டு. அதைத் துளைத்துக்கொண்டு இரத்தக் குழாய்கள் உள்ளே வருகின்றன. துளைக்கும் இடங்களில் சுவர் பலவீனமாக இருக்கும். வயது ஏற ஏற, உள்ளழுத்தத்தால் அந்த இடங்களில் உட்படலம் வெளியே பிதுங்கிச் சிறு பை போலாகிறது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தேய்ந்த டயரின் வெடிப்பினூடாக ரியூப் கொப்புளித்து நிற்குமே, அதேதான். பெரும்பாலானவை ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவான அளவுடையவை. ஒன்றிரண்டு இருக்கலாம், நூற்றுக்கணக்கிலும் இருக்கலாம். மேலைநாடுகளில் அறுபதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இவை உண்டு. அங்கே பெரும்பாலும் குடலின் இடது பக்கத்தில் தோன்றும். ஆசியர்களிடம் வலது பக்கத்தில் காணப்படுவது அதிகம். எனக்கும் வலது பக்கத்தில்தான். அந்தப் பக்கத்துப் பையில் அழற்சி வந்தால், அது குடல்வால் வருத்தம் போலவே காட்டி மருத்துவரையும் ஏமாற்றக்கூடும்.

பைகள் இருப்பதே நோயன்று. இருப்பவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். இரண்டு விதங்களில்தான் தொல்லை வரும். ஒன்று, பையின் மேல் படர்ந்திருக்கும் இரத்தக் குழாய் அரித்து வெடிப்பது. வலியில்லாமல் திடீரென்று நிறைய இரத்தம் போகும். நால்வரில் மூவருக்குத் தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால் கொலனொஸ்கொப்பி வழியாகவே கிளிப் போட்டோ, இரத்தக் குழாயை அடைத்தோ நிறுத்துவார்கள். சத்திரசிகிச்சை அரிதாகவே தேவைப்படும். மற்றது அழற்சி. பைகள் உள்ள நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே அது வருகிறது. விடாத அடிவயிற்று வலி, காய்ச்சல், மலங்கழிவதில் மாற்றம் ஆகியன அறிகுறிகள். சீ.ரி. ஸ்கானில் தெரியும். மிதமான அழற்சி ஓய்வோடும் சில நாட்கள் இலகுவான உணவோடும் மாறிவிடுவதுண்டு. எல்லோருக்கும் அன்ரிபயோட்டிக் தேவையில்லை என்பதை 2012இல் சுவீடனிலும் 2017இல் நெதர்லாந்திலும் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆனால் சீழ் கட்டினாலோ, குடல் துளைபட்டாலோ உயிருக்கே ஆபத்து. எது மிதமானது, எது ஆபத்தானது என்று தீர்மானிப்பது மருத்துவரின் வேலை, நமதன்று.

"நாங்கள் சாப்பிடுறதாலயோ இது வருகுது?" என்று நிபுணரிடம் கேட்டேன். சிரித்தார். அது நீண்ட கதை.

உகண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பேர்கிற் என்ற அயர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர், கிராமத்து ஆபிரிக்கர்களிடம் இந்தப் பைகளை அரிதாகவே கண்டார். அவரும் நீல் பெயின்ரர் என்பவரும் 1971இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, இதை மேலைநாட்டு நாகரிகத்தின் குறைபாட்டு நோய் என்றது. குறைபட்டது நார்ச்சத்து. தவிடு நீக்கிய மாவும் தீட்டிய அரிசியும் மலத்தைச் சிறுக்கவும் இறுகவும் செய்கின்றன, அதை உந்தக் குடல் அதிக அழுத்தம் கொடுக்கிறது, சுவர் பிதுங்குகிறது. இதுவே அவர்களது விளக்கம். நம்மவர்கள் அமெரிக்கன் மா என்று பெயர் சொல்லி வாங்கிய வெள்ளை மாவும், மூன்று வேளையும் பாண் தின்று வளர்ந்த கொழும்பு வாழ்க்கையும் என் கண்முன்னே வந்தன. இரவுப் பணியில் நான் உண்டது என்ன? பத்து மணிக்குக் கொத்துரொட்டி, நடுநிசியில் மீன் பணிஸும் பிளேன்ரீயும். முதற்பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில் வயிறு அழைத்தாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்த இரவுகள் எத்தனை!

ஆனால் பேர்கிற் சொன்னது முழுவதும் நிலைக்கவில்லை. 2012இல் அமெரிக்காவில் 2,104 பேரின் கொலனொஸ்கொப்பி முடிவுகளை ஆராய்ந்தபோது, நார்ச்சத்து நிறைய உண்பவர்களிடம் பைகள் குறைவாக இருக்கவில்லை. அப்படியானால் நார்ச்சத்து வீணோ? அதுவும் இல்லை. பை தோன்றுவதைத் தடுக்காவிட்டாலும், தோன்றிய பை தொல்லை தருவதை அது குறைக்கிறது. பிரித்தானியாவில் 47,033 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், இந்த நோய்க்காக வைத்தியசாலைக்குப் போகும் வாய்ப்பு சைவ உணவினருக்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவாக இருந்தது.

வைத்தியசாலையிலிருந்து வந்ததும் உறவினர் படையெடுத்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பத்தியம் சொன்னார்கள். கொய்யா வேண்டாம், கத்தரிக்காய் வேண்டாம், எள்ளு வேண்டவே வேண்டாம், விதை போய்ப் பைக்குள் செருகிக்கொள்ளும் என்றார்கள். ஊரிலிருந்து அக்கா அனுப்பிய எள்ளுப்பாகை ஒருவாரம் போத்தலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர்களும் நீண்ட காலமாக இதையேதான் சொல்லி வந்தார்கள். அமெரிக்காவில் 47,228 ஆண்களைப் பதினெட்டு ஆண்டுகள் கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. கொட்டைகளையும் பொப்கோர்னையும் நிறைய உண்டவர்களுக்கு அழற்சி கூடவில்லை. சற்றுக் குறைவாகவே இருந்தது. 2025இல் பெண்களிடையே செய்து வெளியிட்ட ஆய்வும் விதையுள்ள பழங்களைக் குற்றவாளியாக்கவில்லை. மறுமுறை பார்க்கப் போனபோது நிபுணரிடம் கேட்டேன். "எள்ளுப்பாகு சாப்பிடலாம். எனக்கும் கொஞ்சம் கொண்டு வாங்கோ" என்றார்.

இப்போதைய என் ஒழுங்கு இதுதான். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. பாணும் கொத்தும் உண்டு அந்தக் கணக்கை எட்ட முடியாது. காலையில் குரக்கன் பிட்டு அல்லது அவித்த பயறு. மதியம் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல் அல்லது முருங்கையிலை வறை. மாலையில் கிருலப்பனைச் சந்தையில் வாங்கிய கொய்யா ஒன்று. ஒரு கொய்யாவிலேயே ஐந்து கிராம் அளவுக்குக் கிடைக்கும். ஆனால் ஒரேநாளில் கூட்டக்கூடாது. முதல்வாரம் ஆர்வத்தில் கடலையும் கீரையுமாக வெளுத்துக்கட்டி வயிறு ஊதித் தவித்தேன். சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்; கூடவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தண்ணீரில்லாத நார்ச்சத்து மலச்சிக்கலைக் கூட்டிவிடும்.

டைக்ளோபெனக்கை அன்றோடு நிறுத்தினேன். அதுவும் இபுபுரூபனும் இந்தப் பைகளில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டுபவை. கழுத்து வலித்தால் பனடோல். அஸ்பிரினும் அப்படியே; ஆனால் இருதயத்துக்காக மருத்துவர் எழுதித் தந்த அஸ்பிரினை யாரும் தாமாக நிறுத்திவிடக்கூடாது, கேட்டே செய்ய வேண்டும். புகைத்தலும் உடற்பருமனும் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியும் அழற்சிக்கு உரமிடுபவை. நடை அதைக் குறைக்கிறது. காலையில் பாமன்கடை வழியாக வெள்ளவத்தைக் கடற்கரை வரை நடந்து, திரும்பும்போது பஸ் ஏறுகிறேன். இரவுப் பணியையும் இளையவர்களிடம் கையளித்துவிட்டேன். வயிறு அழைத்தால், முதற்பக்கமானாலும் அது காத்திருக்கட்டும் என்று எழுந்து போகிறேன்.

நிபுணர் என்னைக் கடிந்துகொண்டது ஒரேயொரு விடயத்துக்காகத்தான். "தகப்பனுக்குக் குடலில கான்சர் எண்டால் பிள்ளையள் நாற்பது வயதிலேயே வந்து பார்க்க வேணும். நீங்கள் பதினாறு வருசம் பிந்தி வந்திருக்கிறியள். அதுவும் இரத்தம் ஓடினதாலதான்" என்றார். மலத்தில் இரத்தம் என்றால் மூலமாக இருக்கலாம், குடற்பையாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். வீட்டிலிருந்து எது என்று தீர்மானிக்க எவராலும் முடியாது. என் தந்தை தீர்மானித்தார். நானும் மூன்று நாட்கள் தீர்மானித்துக்கொண்டிருந்தேன். அவருடையது பிழைத்தது, என்னுடையது பிழைக்காமற் போனது அதிர்ஷ்டம் மட்டுமே.

வீடு திரும்பியதும் இலண்டனிலுள்ள தம்பிக்குத் தொலைபேசியில் பேசினேன். அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. எல்லாவற்றையும், கோப்பை நிறைந்த இரத்தம் முதற்கொண்டு, பெயர்சொல்லிச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. இங்கிலாந்தில் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைக்கான சிறு பெட்டியொன்று தபாலில் வீட்டுக்கே வருகிறது. கிருலப்பனைக்கு அப்படியொரு பொதி வருவதில்லை. தம்பிக்கு வந்த பெட்டி திறக்கப்படாமல் லாச்சிக்குள் கிடந்தது.

"அதையெல்லாம் எடுத்துத் தபாலில அனுப்ப ஒருமாதிரியாக் கிடந்தது அண்ணை" என்றான்.

"அப்பாவுக்கும் அப்பிடித்தான் கிடந்தது" என்றேன்.

நான்கு நாட்களின் பின் அவனிடமிருந்து ஒரு வரி வந்தது: "அனுப்பிவிட்டேன்."